நர்சிங் தியரி வார்டில் எதைக் காட்டும்?

ஆறு வருடம் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது எம்.எஸ்சி. நர்சிங் முதல் ஆண்டில் சேர்ந்திருக்கிறீர்கள். அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ் பேப்பரில் தத்துவம், மெட்டாபாரடைம், பிறகு தியரி எழுதிய ஓரெம், ராய், ரோஜர்ஸ் என்று ஒவ்வொன்றாக வருகிறது. வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும்போது இதில் எது கைகொடுக்கும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து கடந்துவிடலாமா, டிசர்ட்டேஷனுக்கு (ஆய்வேட்டுக்கு) எந்த தியரியை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வியாக எழுதினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நோயாளியின் பக்கத்தில் நின்று ஆறு வருடம் கற்றது உங்களிடம் இருக்கிறது. அதற்குத் தெரியாத எதையாவது இந்தப் பாடம் காட்டப்போகிறதா என்று கேட்கிறீர்கள். காட்டும். ஆனால் நாம் கற்றுக்கொடுக்கும் விதத்தில் பெரும்பாலும் காட்டுவதில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

நான் சர்ஜிகல் வார்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங் கற்பிக்க வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அதில் பல வருடம் இந்தப் பேப்பரையும் எடுத்திருக்கிறேன். தத்துவத்தைத் துறையாகப் படித்தவள் இல்லை. மனநலப் பிரிவில் வேலை பார்த்ததும் இல்லை. நர்ஸுக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய பெப்லாவின் சிந்தனை அங்கே அன்றாடம் புழங்கும் விதத்தை அந்தப் பிரிவில் இருப்பவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். ஆகவே, சர்ஜிகல் வார்டில் நின்று பார்த்தவள் சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அலாரம் அடிக்கும்போது எந்த தியரியும் உதவாது. ட்யூப் இடம் மாறியிருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, சர்க்யூட் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பீர்கள், சக்ஷன் போடுவீர்கள், தேவைப்பட்டால் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை எடுப்பீர்கள். அதற்கு உடலியல் தெரிய வேண்டும், கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தியரி வேலை செய்யும் இடம் வேறு. மறுநாள் காலை அதே நோயாளியிடம் எதைக் கேட்கிறீர்கள், கேஸ் ஷீட்டில் எதை எழுதுகிறீர்கள், எதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதில் அது இருக்கிறது. உங்கள் மருத்துவமனையில் நர்சிங் அசெஸ்மென்ட் படிவம் ஒன்று அச்சடித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் பாருங்கள். இதயம், நுரையீரல், நரம்பு, செரிமானம், சிறுநீர் என்று உறுப்பு மண்டலங்களாகப் பிரித்திருந்தால் அது மருத்துவரின் பார்வையில் போட்ட படிவம். மூச்சு, உணவு, கழிவு, அசைவு, தூக்கம், உடை, உடல் சூடு, சுத்தம், பிறரோடு பேசுதல், வழிபாடு, வேலை என்று போனால் அதன் அடியில் வர்ஜீனியா ஹென்டர்சன் சொன்ன 14 அடிப்படைத் தேவைகள் இருக்கின்றன. படிவத்தைப் போட்டவருக்கு அந்தப் பெயர் தெரியாமல்கூட இருக்கலாம். தியரி இல்லாமல் யாரும் வேலை பார்ப்பதில்லை. எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பவர்களும் தெரியாமல் நிற்பவர்களும் உண்டு.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணச் சமையல் மாஸ்டர். மலக்குடலில் புற்றுநோய், ஆபரேஷனில் ஆசனவாயை மூடி, வயிற்றின் இடப்பக்கம் நிரந்தரமாகக் கொலாஸ்டமி, அதாவது மலம் பையில் சேரும்படி குடலை வெளியே திறந்துவிடும் வாய், வைத்திருந்தார்கள். அன்று எங்கள் வார்டில் கேர் பிளானை ஓரெம் வழியில் எழுதுவோம். டொரோதியா ஓரெம் 1971-இல் புத்தகமாக வெளியிட்ட சிந்தனை அது. ஒருவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறன் ஒரு பக்கம், அவருடைய உடல்நிலை கேட்கும் பராமரிப்பு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே துண்டு விழுகிற இடத்தில் நர்ஸ் வருகிறார். முழுக்க நாமே செய்வது, பாதி நாம் பாதி அவர், சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று நிலை. முதல் சில நாள் பை மாற்றியது நாங்கள். அப்புறம் அவரும் அவர் மனைவியும் எங்களோடு சேர்ந்து. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், ஒட்டும் தகட்டில் ஓட்டையை ஸ்டோமாவைவிட, அதாவது அந்தக் குடல் வாயைவிட, துளி மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும், சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போன பிறகே ஒட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் நாள் நான் பக்கத்தில் நிற்க அவரே மாற்றினார். சமையல்காரர் கை, கத்தரி பிசகவே இல்லை. ‘பராமரிப்பு பற்றிய அறிவுக் குறைபாடு’ சரியாகிவிட்டது என்று எழுதி டிஸ்சார்ஜ் செய்தோம்.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். ஸ்டோமாவைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது. ஆள் இளைத்திருந்தார். ஒரே பையை ஒழுகும்வரை விட்டிருக்கிறார். பை நிறையக் கூடாது என்று ஒரு வேளை மட்டும் சாப்பிட்டிருக்கிறார். சொல்லிக்கொடுத்த எதையும் மறக்கவில்லை. கேட்டதும் வரிசை மாறாமல் ஒப்பித்தார். பை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். தகட்டை வெட்டும்வரை அதையே பார்த்தவர், வயிற்றில் வைக்கும் நேரத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எட்டாம் நாளும் அப்படித்தான் செய்திருப்பார். நான் அன்று கத்தரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். “இந்தக் கையால செஞ்சதை யார் சாப்பிடுவாங்க, சிஸ்டர்?” என்றார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று இரவு நான் வீட்டில் எடுத்துப் படித்தது சிஸ்டர் காலிஸ்டா ராயின் தகவமைப்பு மாதிரி. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தபோது, பிள்ளைகள் மாற்றங்களுக்கு எவ்வளவு சீக்கிரம் ஈடுகொடுக்கிறார்கள் என்று கவனித்ததிலிருந்து அவருடைய சிந்தனை பிறந்தது. 1970-இல் அதைப் பற்றி முதலில் எழுதினார். மாற்றத்துக்கு ஒருவர் எப்படி ஈடுகொடுக்கிறார் என்பதை நான்கு வழியில் பார்க்கச் சொல்கிறார்: உடல், தன்னைப் பற்றிய எண்ணம், தான் வகிக்கும் பொறுப்பு, பிறரோடு உள்ள உறவு. இந்த நான்கையும் தலைப்பாகப் போட்ட ஒரு தாள் இரண்டாம் நாளே என் கையில் இருந்திருந்தால், “வீட்டில், தொழிலில் நீங்கள் யார்? இந்த ஆபரேஷன் அதை என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டியிருந்திருக்கும். ஓரெமின் தாளில் அந்தக் கேள்விக்கு இடம் இருந்தும் நான் கேட்கவில்லை. சுயபராமரிப்புத் திறனில் மன ஊக்கமும் ஒரு பகுதி என்று ஓரெமும் எழுதியிருக்கிறார். நாங்கள் அவரைச் சுருக்கி, ‘தெரியுமா, தெரியாதா’ என்று டிக் அடிக்கும் கருவியாக ஆக்கிவைத்திருந்தோம். ஆகவே ஓரெம் தவறு, ராய் சரி என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளி அதே ஆள்தான், கேள்வித்தாள் மாறியதும் வேறொருவராகத் தெரிந்தார். இதே பையோடு வருடக்கணக்கில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொருவரை, அவர் சம்மதத்தோடு வரவழைத்துப் பேச வைத்தோம். தோல் ஆறியது. சாப்பாடு பழைய அளவுக்கு வந்தது. மூன்று மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது, தம்பியின் ஆட்களுக்கு மேற்பார்வை பார்ப்பதாகச் சொன்னார். கரண்டியை இன்னும் தொடவில்லை என்றார். அதை எந்த தியரியாலும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை.

இனி தத்துவத்துக்கு வருகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் மிரள வேண்டாம். நாம் யாரை, எதைக் கையாளுகிறோம். அதைப் பற்றி நமக்குத் தெரியும் என்று எந்த உரிமையில் சொல்கிறோம். எதைச் செய்வது சரி. உங்கள் பாடப்புத்தகத்தில் ஆன்டாலஜி, எபிஸ்டமாலஜி, எத்திக்ஸ் என்று வருவது இந்த மூன்றும்தான். முதல் கேள்விக்கு நர்சிங் சொல்லும் பதில்தான் மெட்டாபாரடைம். ஜாக்குலின் ஃபாசெட் 1984-இல் எழுதிய கட்டுரையில் வரையறுத்துத் தந்த நான்கு சொற்கள்: மனிதர், சுற்றுச்சூழல், உடல்நலம், நர்சிங். இதை மாணவர்கள் ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் வகுப்பில் குறள் 950-ஐப் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். அங்கேயும் மருத்துவத்துக்கு நான்கு கூறு: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் இரண்டிலும் இருக்கிறார்கள். ஃபாசெட்டின் பட்டியலில் மருத்துவரும் மருந்தும் இல்லை. அந்த இடத்தில் சுற்றுச்சூழலும் உடல்நலமும் உட்கார்ந்திருக்கின்றன. இது தற்செயலாக நடந்ததல்ல. 1859-இல் வந்த சிறு நூலில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் காற்று, வெளிச்சம், சத்தம், படுக்கை, சுத்தம் என்று எழுதியபோதே, இயற்கை குணமாக்க ஏதுவான நிலையில் நோயாளியை வைப்பதுதான் நர்சிங் என்று சொல்லிவிட்டார். இந்தப் பட்டியலுக்கு எதிர்ப்பும் உண்டு. நர்சிங்கை வரையறுக்கும் பட்டியலில் நர்சிங் என்ற சொல்லையே வைப்பது வட்டத்தில் சுற்றுவதாகும் என்ற விமர்சனம் நியாயமானது. பட்டியல் முடிந்த முடிவு என்று நினைக்காமல், மருந்தையும் மருத்துவரையும் எடுத்துவிட்டால் நம் வேலையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வியாக அதைப் படியுங்கள்.

இரண்டாவது கேள்விதான் உங்களுக்கு, ஐசியூவிலிருந்து வந்தவருக்கு, மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு நைட் ட்யூட்டி. குடல் ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் நோயாளி. ஹேண்ட் ஓவரில் பல்ஸ், பிபி, ஆக்சிஜன் எல்லாம் பரவாயில்லை என்றார்கள். சீனியர் சிஸ்டர் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஆள் ஒரு மாதிரியா இருக்கார், கட்டிலை நம்ம டேபிள் பக்கம் இழுங்க” என்றார். என்ன மாதிரி என்று அவரால் உடனே சொல்ல முடியவில்லை. அந்த மனிதர் போர்வை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். முந்தின இரவு எங்களிடம் கதை பேசியவர் அன்று கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணினோம்: 28. சார்ட்டில் 18 என்று இருந்தது. அதற்கு முந்தைய நாலு வேளையும் அதே 18. விடிவதற்குள் தியேட்டருக்கு எடுத்துப் போனார்கள். குடலில் போட்ட தையல் விட்டிருந்தது.

பார்பரா கார்ப்பர் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்று உங்கள் பாடத்தில் இருக்கும். நர்ஸுக்கு அறிவு நான்கு வழியில் வருகிறது என்கிறார்: அளந்து அறிவது, அழகியலாக அறிவது, உறவில் நின்று தன்னையும் அறிவது, அறத்தால் அறிவது. அந்த இரவில் நான்கும் இருந்தன. 28 என்ற எண் முதலாவது. போர்வை நுனியைப் பார்த்து முழுமையாக ஒரு நிலையை உணர்ந்தது இரண்டாவது. கார்ப்பர் அழகியல் என்று சொல்வது அலங்காரத்தை அல்ல, இந்தக் கிரகிப்பைத்தான். முந்தின இரவு அவரோடு உட்கார்ந்து பேசியதால் இன்றைய மாற்றம் தெரிந்தது மூன்றாவது. எண்ணாமலேயே 18 என்று எழுதியது நான்காவது பற்றிய விஷயம். முதல் வகையை மட்டும் அறிவு என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில், சீனியர் சிஸ்டரின் ‘ஒரு மாதிரி’ கேஸ் ஷீட்டில் ஏறவே ஏறாது. அதேபோல முதல் வகையே பொய்யாக எழுதப்பட்டிருந்தால் அது அறிவே இல்லை, வெறும் எண்.

பாட்ரிசியா பென்னர் 1984-இல் ட்ரைஃபஸ் சகோதரர்களின் திறன் வளர்ச்சி மாதிரியை எடுத்துக்கொண்டு, புதியவர் நிபுணராக வளர்வதை ஐந்து படியாகச் சொன்னார். நிபுணர் விதியை ஒவ்வொன்றாக யோசிப்பதில்லை, நிலைமையை மொத்தமாகப் பிடிக்கிறார் என்றார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கேதான் எச்சரிக்கையும் வேண்டும். உள்ளுணர்வு பலித்த இரவுகளை நாம் கதையாகச் சொல்கிறோம். பொய்த்த இரவுகளை மறந்துவிடுகிறோம். அந்த சிஸ்டரை நான் மதிக்கும் காரணம் அவருக்கு ஏதோ பட்டது என்பதல்ல. பட்டதும் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார் என்பது.

இத்தனை தியரிகள் ஏன், அதுவும் பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஏன் கிட்டத்தட்ட 1950-க்கும் 1980-க்கும் நடுவே என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி, யாரும் பரீட்சையில் கேட்பதில்லை. அங்கே அந்தக் காலத்தில் நர்சிங் படிப்பு மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு துறைக்கு நாற்காலி வேண்டுமென்றால், உனக்கே சொந்தமான அறிவு எது என்று கேட்பார்கள். அதற்கு எழுதப்பட்ட பதில்களாக இவற்றைப் படித்தால் அவற்றின் தொனி புரியும். ஹில்டெகார்ட் பெப்லாவின் புத்தகம் 1948-இலேயே எழுதி முடிக்கப்பட்டது. மருத்துவர் ஒருவர் இணை ஆசிரியராக இல்லாமல் ஒரு நர்ஸ் மட்டும் எழுதிய புத்தகத்தை வெளியிடத் தயங்கி, 1952-இல்தான் வெளியிட்டார்கள். நம் நாட்டிலும் பாதை அதுவே, காலம் கொஞ்சம் பிந்தியது. வேலூரில் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909-இல். அங்கேயும் டெல்லியிலும் பி.எஸ்சி. படிப்பு வந்தது 1946-இல்; முதுநிலைப் படிப்பு டெல்லியில் தொடங்கியது 1959-இல். நாம் பல்கலைக்கழகத்துக்குள் வந்தபோது தியரிகள் தயாராக இருந்தன, அப்படியே எடுத்துக்கொண்டோம். அவற்றைப் பிறப்பித்த சண்டையை மட்டும் கூடவே எடுத்துவரவில்லை. அதனால்தான் நம் வகுப்பில் அவை உயிரில்லாமல் ஒலிக்கின்றன.

எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கேள்வித்தாளை வைத்திருக்கிறோமோ அதற்கேற்ற பதில்தான் கேஸ் ஷீட்டில் ஏறும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறுகிய பரப்பை எடுத்துக்கொண்ட நடுத்தர வீச்சு தியரிகளைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதும் உறுதி. மெர்ல் மிஷலின் நிச்சயமின்மை, காதரின் கோல்கபாவின் ஆறுதல் இவற்றுக்கெல்லாம் அளவுகோல்களே இருக்கின்றன. மார்த்தா ரோஜர்ஸ் 1970-இல் எழுதியது போன்ற பெரும் தியரிகளை அப்படிச் சோதிக்க முடியுமா என்பது சந்தேகம். மனிதரை ஆற்றல் புலமாகப் பார் என்று அவர் சொல்வதை எந்த அளவீடு பொய்யாக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் கிடைத்ததில்லை. அதை ஒரு பார்வைக் கோணமாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். தியரிப்படி பராமரித்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறாரா? ஓரெமை வைத்து சர்க்கரை நோயாளிகளுக்குக் கற்பித்து முன்னேற்றம் கண்ட ஆய்வுகள் நிறைய உண்டு. ஆனால் அதே பாடத்தை, அதே அக்கறையோடு, ஓரெம் பெயர் இல்லாமல் கற்பித்தாலும் அந்த முன்னேற்றம் வந்திருக்குமா? பல ஆய்வுகள் இந்த ஒப்பீட்டைச் செய்வதே இல்லை. அதுவரை முன்னேற்றத்தைக் கற்பித்தலின் கணக்கில் வைப்பதுதான் நேர்மை.

இன்னொரு சந்தேகம் நம் மண்ணைச் சேர்ந்தது. இந்த தியரிகளில் பல, ‘மனிதர்’ என்றதும் தனக்காகத் தானே முடிவெடுக்கும் ஒரு தனி ஆளை நினைக்கின்றன. நம் வார்டில் கட்டிலுக்கு ஒருவர் படுத்திருக்கிறார், கீழே பாய் விரித்து இன்னொருவர். குளிக்க வைப்பது, ஊட்டுவது, பெட் பேன் வைப்பது எல்லாம் மகளோ மருமகளோ மனைவியோ. பிறரைச் சார்ந்தவருக்குச் செய்யும் பராமரிப்பையும் ஓரெம் சேர்த்திருக்கிறார்தான். ஆனால் நடக்க முடிகிற அப்பாவை மகள் நடக்க விடாமல் ஊட்டிவிடுவது பாசமா, குறைபாடா? நர்ஸ் அங்கே எந்தப் பக்கம் நிற்பது? “அவர்கிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர்” என்று வராண்டாவில் கையைப் பிடித்துக் கேட்கும்போது, நோயாளியின் தன்னுரிமை என்ற ஒற்றைச் சொல் போதாது. நான் செய்து வந்தது, நோயாளியிடமே “உங்க உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, யார்கிட்ட பேசச் சொல்றீங்க?” என்று முதலில் கேட்பது. அதுகூட எல்லா நேரமும் ஒத்துவரவில்லை. மாடலின் லைனிங்கரின் கலாசாரப் பராமரிப்பு இங்கே கொஞ்சம் கைகொடுக்கிறது. மானுடவியல் படித்த நர்ஸ் அவர். ஒரு வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி இடைவழி காண்பது, மாற்றியமைப்பது என்று மூன்று வழி சொல்கிறார். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, தாராளமாக. தண்ணீரைக் குறைக்கச் சொல்லும் பத்தியம், மாமியாரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியது. பிறந்த குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது, நிறுத்தியே ஆக வேண்டியது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ‘மூடப்பழக்கம்’ என்று திட்டி அனுப்பியதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, டிசர்ட்டேஷன். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வருட உழைப்பு இதில் போகிறது. நம் கல்லூரி நூலகங்களில் பழைய டிசர்ட்டேஷன்களை எடுத்துப் பாருங்கள். கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டத்தின் பயன் என்று தலைப்பு இருக்கும். உள்ளே கருத்துச் சட்டகம் என்று ஒரு படம்: எர்னஸ்டின் வீடன்பாக்கின் 1964 தியரி, அல்லது பெர்டாலன்ஃபியின் சிஸ்டம்ஸ் தியரி, ‘தழுவியது’ என்று போட்டு, மூன்று கட்டம், நாலு அம்புக்குறி. பல நேரம் அந்தப் படம் டேட்டா எடுத்து முடித்த பிறகு வரையப்படுகிறது. அப்படி வரைந்ததற்கு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் ஆய்வுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) தியரியின் பெயரையும் படத்தையும் அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் அளக்கும் விஷயங்களும், எது எதை மாற்றும் என்ற எதிர்பார்ப்பும், முடிவை விளக்கும் விதமும் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அந்த தியரி அங்கே இல்லை.

உங்கள் அனுபவத்துக்கு ஏற்ற உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தை உங்களைவிட நன்றாக யார் அறிவார்? ஒரு நாளைக்குச் சில நிமிடம் உள்ளே விடுகிறோம். மீதி நேரம் அவர்கள் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்கிறார்கள். கேட்டால், “கண்டிஷன் அப்படியே இருக்கு” என்கிறோம். மிஷல் 1988-இல் எழுதிய நோயில் நிச்சயமின்மை தியரி இந்த வாசலுக்காகவே எழுதியது போல இருக்கும். அறிகுறிகள் ஒரு ஒழுங்கில் வருகின்றனவா, சூழல் பழக்கப்பட்டதா, எதிர்பார்த்ததும் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்பவை ஒருவரின் நிச்சயமின்மையைக் கூட்டும் அல்லது குறைக்கும். நம்பத்தகுந்த ஆள், சுற்றத்தின் துணை, கல்வி இவை அதைத் தாங்க உதவும். பிறகு அவர் அந்த நிலையை ஆபத்தாகவோ வாய்ப்பாகவோ எடைபோடுகிறார் என்கிறார். இதை எடுத்துக்கொண்டால் ஆய்வின் வடிவமே மாறிவிடும். வெறும் தகவல் கையேடு கொடுத்து அறிவு மதிப்பெண் எடுப்பதற்குப் பதிலாக, ஒரே நர்ஸ் தினமும் ஒரே நேரத்தில் வந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது, நாளைக்கு எதை எதிர்பார்க்கலாம் என்று பேசுவதை உங்கள் தலையீடாக வைப்பீர்கள். ஏன் ஒரே நர்ஸ், ஏன் ஒரே நேரம் என்பதற்கு தியரியில் பதில் இருக்கும். அது பலிக்காவிட்டாலும், எந்தக் கண்ணி அறுந்தது என்று பேச முடியும். குடும்பத்தினருக்கென்றே அவருடைய அளவுகோலில் ஒரு வடிவம் உண்டு. உருவாக்கியவர்களின் அனுமதி, தமிழாக்கம், அதைப் பார்க்காத இன்னொருவர் மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது, சிறு குழுவில் முன்னோட்டம் என்று எல்லாம் செய்ய நேரம் பிடிக்கும். முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். ‘நிச்சயமின்மை’ என்ற சொல்லைக் கேள்வியில் வைக்காதீர்கள், யாருக்கும் புரியாது. “என்ன ஆகும்னே தெரியல” என்றுதான் வாசலில் சொல்கிறார்கள்.

உங்கள் கைடு வீடன்பாக்கையே போடச் சொன்னால்? அது நடக்கும். வீடன்பாக் மோசமான தேர்வு அல்ல. நோயாளிக்கு உதவி வேண்டும் என்பதைக் கண்டறிவது, உதவுவது, உதவி சேர்ந்ததா என்று உறுதிசெய்வது என்ற அவருடைய மூன்று படிகளில் மூன்றாவதை உண்மையாகவே உங்கள் ஆய்வில் வையுங்கள். பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். ஆண்டு, பெயர், முக்கியச் சொற்களுக்கு மனப்பாடம் வேண்டும், தப்பில்லை. ஆனால் வாரம் ஒரு நோயாளியை எடுத்து இரண்டு தியரியில் இரண்டு கேர் பிளான் எழுதிப் பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வராத கேள்விகளை மட்டும் சிவப்பு மையில் குறித்துவைத்தால் பரீட்சைக்கும் அதுவே நோட்ஸ். படிக்கும் வரிசையில், பாடத்திட்டம் எப்படிப் போனாலும், ஹென்டர்சனில் தொடங்குங்கள். மூலத்தில் படிக்க எளிது. குணமடையவோ, முடியாவிட்டால் அமைதியாக இறக்கவோ தேவையானவற்றில், வலுவும் மனமும் அறிவும் இருந்தால் அவரே செய்துகொள்ளக்கூடியதைச் செய்ய உதவுவதே நர்ஸின் தனி வேலை என்ற அவருடைய வரையறையை உங்கள் ஐசியூ நோயாளி ஒருவரை மனதில் வைத்துப் படியுங்கள். பிறகு ஓரெம், ராய், அப்புறம் கார்ப்பரின் கட்டுரை, அதன் பிறகு மிஷல். ரோஜர்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். சினாப்சிஸ் எழுதியதும் நான் சொன்னபடி பெயரை அடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்து, மாறியதா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள். நேரம் எடுத்துப் படித்துப் பதில் சொல்கிறேன்.